சொந்த மடி கணக்கில் வராது

இயல்வளர் நிலையத்தின் வாசலுக்கு வந்ததும் சுடர்க்கொடி தன் மகள் தும்பையை எதிர்வீட்டு ரஹ்மத்துன்னிசாவிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய மகள் சபீனாவைத் தான் வாங்கிக்கொண்டாள். தினமும் மாலையில் நடப்பதுதான். இரண்டு பெண்களும் மணிக்கட்டில் இருந்த, மூளையின் நலத்தைக் கோடாக வரையும் நரம்புக்காப்பை வாசல் பலகையில் ஒற்றினார்கள். ‘தாய் மாற்றம் பதிவாயிற்று’ என்றது பலகை. கதவு திறந்தது.

“என் மவ ஒன்னப் பாத்தா பல்லக் காட்டுறா. என்னப் பாத்தா தண்ணி பாட்டிலத் தேடுறா” என்று சிரித்தாள் நிசா.

“இவளும் அப்படித்தான்க்கா. வீட்ல என்கிட்ட பேசுறதே ‘அம்மா, ஷூ எங்க’ மட்டும்தான்” என்றாள் சுடர்க்கொடி. அவளும் சிரித்தாள். பிறகு ஆளுக்கொரு அறைக்குள், அடுத்தவள் பெற்றதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியும், கேட்காது.

செம்மண்பேட்டை, செவ்வாய்க் கோளின் தரைக்கு அடியில் குடைந்தெடுத்த ஊர். ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு குடைவுகள். இவர்கள் இருந்தது ஆறாவதில். அங்கே பிறந்த பிள்ளைகள் வானத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். ஏழு வயதில் எல்லாருக்கும் மூளைவரைவு எடுப்பார்கள். தேறிய பிள்ளைக்கு மேல்குடைவுப் பள்ளியில் இடம் உண்டு. அந்தப் பள்ளிக்குக் கண்ணாடிக் கூரை. தேறாத பிள்ளை ஆறாவது குடைவிலேயே வளர்ந்து, குழாய் பழுது பார்த்து, அங்கேயே நரைக்கும். தும்பைக்கு இன்னும் சில மாதங்களில் ஏழு முடிகிறது. அதை நினைத்தாலே சுடர்க்கொடிக்கு வாயில் வைத்த சோறு இறங்காது.

மாத்திரை கொடுத்துத் தேற்றிவிடலாம் என்றால், அந்தக் காலம் போய்விட்டது. சுடர்க்கொடியே அந்தக் காலத்துப் பிள்ளைதான். காலையில் ஒரு கூர்மைக் குளிகை, படுக்கும்போது ஒன்று என்று விழுங்கி வளர்ந்தவள். படித்ததெல்லாம் கல்லில் வெட்டியது போல நின்றது. முப்பத்தைந்தைத் தொட்டதும் கல் உதிர ஆரம்பித்தது. காற்றுக்கதவுகளை இயக்கும் அறையில் வேலை பார்த்த அவளுக்கு, ஒருநாள் கூடப் பிறந்த தங்கையின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவள் தலைமுறையே இப்படி உதிர்வதைப் பார்த்தபிறகுதான் குளிகை கூடாது, மண்டைக்குள் கம்பி கூடாது என்று சட்டம் வந்தது. மூளை தானாக வளர, கொஞ்சம் மண், நல்ல தூக்கம், ஓட்டம், பாட்டு, சும்மா இருக்கும் நேரம், சாய்ந்துகொள்ள ஒரு மடி, இவை போதும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். உதிர்கிற பெரியவர்களுக்கும் அதுவேதான் வைத்தியம். தினமும் கொஞ்ச நேரம் ஒரு குழந்தையோடு காரணம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்ததற்குச் சான்றிதழ் காட்டினால்தான் வேலை நீடிக்கும்.

இவ்வளவு எளிய வைத்தியத்தை மனிதர்கள் அப்படியே விட்டுவிடுவார்களா? முதல் வருடமே, பிள்ளை முகத்தை நாளெல்லாம் பார்க்காத பெற்றோர்கூட, பொழுதுக்கும் மடியில் வைத்துக் கதை சொன்னதாக எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் கோபப்பட்டது. சொந்த மடி இனிமேல் கணக்கில் வராது, பெரியவர்களின் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் அங்கீகாரம் பெற்ற அடுத்தவர் மடிதான் செல்லும் என்று அறிவித்தது. அன்றிலிருந்து தெருவுக்குத் தெரு நிலையங்கள். மண் வகுப்பில், பூமியிலிருந்து வந்த மண்ணை ஆளுக்கொரு தட்டு கொடுத்து, எப்படி அப்பிக்கொள்வது என்று ஆசிரியை செய்து காட்டுவாள். சலிப்பு வகுப்பில் நான்கு வெள்ளைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சலிப்பில் முதலிடம் வந்த பிள்ளையின் படத்தை வாசலில் பெரிதாக மாட்டியிருப்பார்கள். தும்பை இரண்டிலும் சுமார்தான். மடி வகுப்பில்தான் அவளுக்கு நல்ல பெயர்.

ஒருநாள் நிலையத்துக்குப் போகிற வழியில் காற்றுக்கசிவு எச்சரிக்கை ஊதியது. நிசாவும் சபீனாவும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். சுடர்க்கொடியும் தும்பையும் நடைபாதையில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் கதவுகள் இறங்கின. ஆபத்து ஒன்றும் இல்லை, கசிவை அடைக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு போகிறதே என்று சுடர்க்கொடி இரண்டு கதவுக்கும் மாறி மாறி ஓடினாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். காப்பில் நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் களைத்துப்போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

தும்பை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அம்மா, இப்ப நீ யாரோட அம்மா? சபீனாவோடதா, என்னோடதா?”

சுடர்க்கொடி தன் காப்பைப் பார்த்தாள். “இப்ப... உன்னோடதுதான்” என்றாள்.

அந்தப் பதில் போதுமாக இருந்தது போலும். தும்பை நகர்ந்து வந்து அவள் மேல் சாய்ந்தாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் குடியிருப்புகளின் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. தும்பை அதில் காதை வைத்து, இது சபீனா வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் என்றாள். இல்லை, இது மூன்றாம் வீட்டு மாமா கழிவறைக்குப் போய்விட்டு வந்த தண்ணீர் என்றாள் சுடர்க்கொடி. தும்பைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மாமா மாதிரியே தொண்டையைச் செருமிக் காட்டினாள். குழாய் சத்தம் போடும்போதெல்லாம் ஆளுக்கொரு வீட்டைச் சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் சிரித்து, இருவருக்கும் வயிறு வலித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், தேடாமலே, தங்கையின் பெயர் வந்து நின்றது. அருள்மொழி. சுடர்க்கொடி அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எதிர்ப்பக்கக் கதவு திறந்ததை இருவரும் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே காப்புகளைக் கழற்றி வைத்தபோது அவள் கணவன் இளவழுதி எடுத்துப் பார்த்தான். கீரைப் பாத்திகளில் வேலை செய்பவன், மண்ணும் ஈரமுமாக நின்றுகொண்டே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அம்மா, மகள் இருவர் கோடுகளும் இதுவரை எட்டாத உயரத்தில் இருந்தன. கீழே சிவப்பில், ‘உறவினர் துணை, கணக்கில் சேராது’ என்று எழுதியிருந்தது.

“சுடர், கிளாஸை நிப்பாட்டிடுவோம். நீங்க ரெண்டு பேரும் தெனம் இப்படி ஒரு ஓரமா உக்காந்து சிரிச்சாலே போதும்டா” என்றான்.

“சர்டிபிகேட் யாரு குடுப்பா? நீங்களா?”

“உனக்குப் பேரு ஞாபகம் வந்துச்சுல்ல?”

“எனக்கு வந்து என்ன செய்ய? அவளுக்கு சீட் வரணும்ல” என்றாள் சுடர்க்கொடி. அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. குழாய் பழுது பார்க்கும் தாயின் மகளாகப் பிறந்து, குளிகையின் பலத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்தவள் அவள். தும்பையின் கையில் குறடைப் பார்க்க அவளால் முடியாது. இளவழுதி காப்புகளை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

ஆனாலும் மறுநாள் அவள் நிலையத் தலைவியிடம் போய், நேற்றைய கோட்டைக் கணக்கில் சேர்க்க வழி உண்டா என்று கேட்டாள். தலைவி நல்ல பெண்மணி. பரிவோடு தலையாட்டினாள். சேர்க்க முடியாது என்பதோடு இன்னொன்றும் சொன்னாள். பதிவில்லாத மகிழ்ச்சி பிள்ளையின் அளவுகளைக் குழப்பிவிடும். மடித்தாயான நிசாவிடம் இருக்க வேண்டிய ஒட்டுதல் வீட்டில் சிதறினால் வரைவில் கோடு மங்கிவிடும். தேர்வு முடியும் வரை வீட்டில் தேவைக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டால் நல்லது. “கொஞ்ச நாள்தானேம்மா. பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?”

பிள்ளைக்காக எதையும் செய்வாள் சுடர்க்கொடி. அதனால் இதையும் செய்தாள். அன்று மாலையே தும்பை வீட்டுக் குழாயில் காதை வைத்துக்கொண்டு, “அம்மா, வா வா” என்று கூப்பிட்டபோது, “போய்த் தூங்கு” என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டபோதும் அதையே சொன்னாள். அதன்பிறகு தும்பை கூப்பிடவில்லை. சுடர்க்கொடி பேசியதெல்லாம் கேள்விகள்தான். இன்றைக்கு மண்ணில் நன்றாகப் புரண்டாயா? சலிப்பு எவ்வளவு வந்தது? நிசாம்மா மடியில் தூக்கம் வந்ததா? தும்பை நேராக நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ ரகசியம் சொல்வதைப் பார்க்கும்போது, சுடர்க்கொடி தன் மடியில் இருந்த சபீனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அப்போதெல்லாம் அவள் காப்பில் நல்ல மதிப்பெண் ஏறும்.

வரைவு நாள் வந்தது. தேர்வு மண்டபம் மேல்குடைவுப் பள்ளியிலேயே இருந்தது. தும்பையின் தலையில் மெல்லிய வலைக்குல்லாயை மாட்டி, காதில் ஒலிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். முடிந்ததும் வரைவாளர் சுடர்க்கொடியை மட்டும் உள்ளே அழைத்தார். இளைத்த மனிதர். பேச்சுக்கு நடுவில் சொற்களைத் தேடினார். அவரும் குளிகைத் தலைமுறை என்று அவளுக்குப் புரிந்தது.

தும்பை தேறிவிட்டாள் என்றார் முதலில். சுடர்க்கொடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாப் பகுதியும் நன்றாக வளர்ந்திருக்கிறது, உறவுப் பகுதி அபாரம் என்றார். பிறகு தயங்கினார்.

“ஒரு விஷயம் சொல்லணும்மா. மடித்தாய் குரலப் போட்டப்ப உறவுப் பகுதி முழுக்க வெளிச்சம். அடுத்து உங்க குரலப் போட்டோம்.” அவர் திரையைத் திருப்பினார். குழந்தையின் மூளை இருட்டாக இருந்தது. நெற்றியோரம் மட்டும் ஒரு சின்னப் புள்ளி எரிந்தது. “இது கேள்விக்குப் பதில் தயார் பண்ற எடம். உங்க குரலக் கேட்டா அது மட்டுந்தான் எரியுது.”

சுடர்க்கொடி அந்தப் புள்ளியையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அதுக்கு மார்க் கொறையுமா சார்?”

“இல்லம்மா. சொந்த அம்மா குரல் இந்தத் தேர்வுல சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான். மார்க் கெடையாது.”

அவள் மூச்சை வெளியே விட்டாள். வரைவாளர் திரையை அணைத்துவிட்டு, “ஆனா பத்து வயசுல மறுவரைவு உண்டு. அதுல புதுசா சேத்திருக்காங்க. சொந்த அம்மாவோட ஒட்டுதலுக்குத்தான் நெறைய மார்க். அதுல போச்சுன்னா கீழ அனுப்பிடுவாங்க” என்றார்.

சுடர்க்கொடியின் முகம் வெளுத்தது. “அதுக்கு எங்க நல்லா சொல்லிக் குடுக்குறாங்க சார்?”

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மூன்றாம் குடைவில் ஒரு நிலையம் தொடங்கியிருக்கிறார்கள், தன் மகளையும் அங்கேதான் சேர்த்திருக்கிறேன் என்றார். “பிள்ளைய மட்டும் அனுப்பணும். அம்மா கூட வந்தா கவனம் செதறும்னு உள்ள விட மாட்டாங்க.”

சுடர்க்கொடி அவருக்குக் கைகூப்பிவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே தும்பை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். செவ்வாயின் சூரியன் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் கையை உயர்த்தி அதைக் காட்ட வந்து, சட்டென்று கையை இறக்கி நேராக நின்றாள்.

“எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டேன்மா” என்றாள்.

“கெட்டிக்காரி” என்றாள் சுடர்க்கொடி. மூன்றாம் குடைவில் இடம் நிறைந்துவிடுமே என்ற அவசரத்தில் மகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள்.