தகரப் பட்டறைக்கு ஒரு தாளம்

எங்கள் அம்மாவால் நின்றுகொண்டே தூங்க முடியும். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி தூங்குவார். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்படிச் சுவரில் சாய்ந்து தூங்குவார். ஒருநாள் எனக்குத் தலை பின்னும்போதே தூங்கிவிட்டார். நான் பாதிப் பின்னலோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

படுத்துத் தூங்கத்தான் அவரால் முடியவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மாதம் முழுக்க அவருக்கு ராத்திரி வேலை. காலையில் வீட்டுக்கு வந்து, எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் படுப்பார். தலை தலையணையில் படும். உடனே கீழே ஆரம்பிக்கும்.

டங். டங். டங்... டங்டங்.

அப்புறம் சத்தமே இருக்காது. அப்பாடா என்று அம்மா கண்ணை மூடுவார்.

டங்!

நாங்கள் இருப்பது மாடியில். நேர் கீழே தகரப் பட்டறை. அதை நடத்துபவரை நான் பட்டறை மாமா என்று கூப்பிடுவேன். தகரத்தை வெட்டி, ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி மடித்துப் பெட்டி செய்வார். அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் அந்தச் சத்தம் முழுக்க எனக்கும் அம்மாவுக்கும்தான்.

எனக்கும் அந்த டங்கோடு ஒரு சண்டை இருந்தது.

என் சித்தப்பா மேடைகளில் கீபோர்டு வாசிப்பவர். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் தன் பழைய சாமான்களை எல்லாம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டினார். "இதையெல்லாம் இப்ப யாரும் சீண்டறதில்ல. பழைய இரும்புக்குப் போடறதுக்குப் பதிலா, நீயாவது உடைச்சு விளையாடு" என்றார்.

ஒரு கீபோர்டு. அதில் மூன்று கட்டைகள் ஊமை. ஒரு தாளப்பெட்டி. பொத்தானைத் தட்டினால் டும், டிக் என்று அதுவே தாளம் போடும். அதன் குமிழைத் திருகினால் வேகம் மாறும். அப்புறம் ஒரு கேசட் டேப் ரெக்கார்டர். அதற்கு மூடி கிடையாது. கேசட் துள்ளி விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும்.

நான் எதையும் உடைக்கவில்லை. பாட்டு செய்தேன்! பள்ளிக்கூடம் லீவு. அம்மா படுத்திருக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை ரொம்பக் குறைத்து வாசிப்பேன். கதவுக்கு வெளியே அது கொசு மாதிரி 'ஙொய்ங்' என்று கேட்குமாம். கொசு என்ற என் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

என் முதல் பாட்டை எப்படியாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. எத்தனை தடவை செய்தாலும் நல்ல இடத்தில் ஒரு டங் வந்து விழும். என்னிடம் இருந்த எல்லாக் கேசட்டிலும் டங் இருந்தது.

ஒருநாள் காலை அம்மா டீ போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். உப்பு!

"அம்மா, சர்க்கரை டப்பா அந்தப் பக்கம்."

அம்மா சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி, ஏற்கெனவே ஊசி போட்ட ஆளுக்கே மறுபடி ஊசி போடப் போயிட்டேன் கொசு. நல்லவேளை, கூட இருந்த அக்கா கையைப் பிடிச்சாங்க. இல்லேன்னா..."

நேராகக் கீழே இறங்கினேன்.

"மாமா, கொஞ்சம் சத்தமில்லாம தட்டுங்களேன். அம்மாவுக்குத் தூக்கமே இல்ல."

பட்டறை மாமா நிமிர்ந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "சத்தமில்லாம தட்டினா தகரம் மடங்காதும்மா. விடுதிப் பிள்ளைங்களுக்குப் பெட்டி. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள கொடுத்தாகணும். உதவிக்கு இருந்த ஆளும் ஊருக்குப் போயிட்டான். ராத்திரி பகலா தட்டி எனக்கே கை விட்டுப் போகுது. நாலு தட்டு தட்டறேன், அசந்து போய் நிக்கறேன், மறுபடி தட்டறேன்."

அவரைத் திட்டத்தான் போனேன். பாவமாக இருந்தது. தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

அம்மா தலையணையைக் காதில் அழுத்திப் படுத்திருந்தார். தலைக்கு மேல் எங்கள் ஓட்டை மின்விசிறி கடகடவென்று ஓடியது.

"விசிறியை நிறுத்தட்டுமா அம்மா?"

"அது ஒண்ணும் பண்ணாது. அது பாட்டுக்கு ஒரே மாதிரி ஓடுது. கீழே இருக்கறதுதான்... எப்ப அடிப்பாரு, எப்ப நிறுத்துவாருன்னே தெரியல பாரு. அடுத்த அடி எப்ப விழும்னு மனசு காத்துக்கிட்டே கிடக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. அப்படியென்றால் சத்தம் எதிரி இல்லை. ஒழுங்கில்லாமல் வருகிற சத்தம்தான் எதிரி.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தாளப்பெட்டியில் டும் டும் என்று மெதுவான ஒரு தாளம் வைத்தேன். கொஞ்ச நேரம் தட்டுவதற்கு. அப்புறம் தாளத்தை நிறுத்தி, கீபோர்டில் ஒரு சின்ன இழுவை. அது மாமா தகரத்தைத் திருப்பி வைக்க, மூச்சு வாங்க. மறுபடி தாளம். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க இப்படியே. நடுவில் டங் விழுந்தாலும் கவலையில்லை, இது டங்குக்கான பாட்டுதானே. முடிப்பதற்குள் என் விரல்கள் மரத்துப் போயின.

மறுநாள் கேசட்டோடு கீழே ஓடினேன். பட்டறை மாமாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. அதில் கேசட்டும் ஓடும், பதிவு மட்டும் செய்ய முடியாது.

"பாட்டுக்குத் தகுந்த மாதிரி தட்டினா கை வலிக்காதுன்னு சொல்றியா? சரி, அதையும்தான் பார்ப்போமே" என்று போட்டார்.

டும்டும்டும்டும்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மெதுவான தாளம் எலி மாதிரி ஓடியது. மாமாவும் விடாமல் துரத்தித் துரத்தித் தட்டினார். இழுவை வந்த வேகத்தில் போய்விட்டது. மூச்சு வாங்க நேரமே இல்லை.

"ஏன் கொசு," என்று சுத்தியலைக் கீழே வைத்தார். முகமெல்லாம் வியர்வை. "என்னை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பறியா? இங்க பாரு, பெட்டிக்கு வாய் கோணிப் போச்சு!"

மாடி ஜன்னல் திறந்தது. "யாரு கண்ணு வச்சாங்களோ, இன்னைக்கு ரெண்டு மடங்கா இருக்கு!" என்று அம்மா சொன்னார். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூங்க வைக்கப் போய் இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கத்தையும் கெடுத்தாயிற்று. வீட்டில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது?

வீட்டில். என் டேப் ரெக்கார்டரில்!

மேலே போய் அதன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் வார் தொளதொளவென்று தொங்கியது. பாவம், அதுவும் களைத்துப் போயிருந்தது. அது மெதுவாகச் சுற்றிப் பதிவு செய்ததை மாமாவின் ரேடியோ சரியான வேகத்தில் சுற்றினால் பாட்டு ஓடத்தானே செய்யும்?

இன்னும் மெதுவாகப் பதிவு செய்யலாம் என்று தாளப்பெட்டியின் குமிழைத் திருகினேன். அது ஏற்கெனவே கடைசியில்தான் நின்றது.

ஒரே வழிதான் இருந்தது. என் டேப் ரெக்கார்டரே கீழே போக வேண்டும்.

அது போய்விட்டால் என் பாட்டு? லீவு முடியும்வரை அது அங்கேயே இருக்கும். தகரத் தூளெல்லாம் உள்ளே போகும். எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி, கையில் ஒற்றைச் செருப்போடு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டி, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"மறுபடியுமா?" என்றார் மாமா.

"இந்தத் தடவை ஓடாது மாமா. சத்தியமா! கேசட் முடிஞ்சா முதல்லேர்ந்து சுத்திப் போட்டுக்கோங்க. மேல ஒரு துணி போட்டு மூடுங்க, இல்லேன்னா தூசி உள்ள போயிடும்."

டும். டங். டும். டங். பிறகு இழுவை. மாமா தகரத்தைத் திருப்பினார், மூச்சு விட்டார். டும். டங்.

"அட!" என்றார். தாளத்துக்குத் தலையை ஆட்டினார்.

நான் மேலே போனபோது அம்மா படுத்திருந்தார். ஒற்றைச் செருப்பு இன்னும் கையில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே டங், டங் என்று விழுந்துகொண்டே இருந்தது. அம்மாவின் இமைகூட அசையவில்லை.

அடுத்த நாளும் தூங்கினார். அதற்கு அடுத்த நாள் டீயில் சர்க்கரை இருந்தது. என் இரண்டு பின்னலும் ஒரே நீளத்தில் வந்தன. நான்தான் சும்மா உட்கார்ந்து ஊமைக் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மா தானாகவே எழுந்து வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்? அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இருவரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பெட்டிகள் எல்லாம் முடிந்து சுவரோரம் அடுக்கியிருந்தன. கேசட் ஓடி முடிந்து நின்றிருந்தது. பட்டறை மாமா சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதே. தூங்கட்டும் பாவம்" என்றார் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா தூங்கி முடித்துவிட்டார். டங் இல்லை. டேப் ரெக்கார்டரோ என் எதிரிலேயே இருக்கிறது!

ஓடிப்போய்க் கீபோர்டையும் தாளப்பெட்டியையும் கொண்டுவந்தேன். வேறு கேசட்டைப் போட்டேன். அம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பேசக் கூடாது என்று தானே வாயில் விரலை வைத்துக்கொண்டார். மெதுவாக, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன்.

அந்தக் கேசட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் ஒரு குறட்டை வரும். அதை நான் அழிக்கவில்லை. அது சரியாகத் தாளத்தில் விழுந்திருக்கிறது.