எஸ்ஸர் வீட்டு ரோமானியக் கிண்ணம்

1974, வியாழன், காலை 8.20. கண்ணாடி அலமாரியைத் திறந்த ஸெவரின் எஸ்ஸர் போட்ட கூச்சலில் கொலோன் நகரத்தின் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

9.10. இன்ஸ்பெக்டர் இர்ம்கார்ட் ஷ்லோமர் வந்தாள். கோட்டைக் கழற்றுவதற்குள் அவன் அதையே மூன்று முறை சொல்லிவிட்டான்.

“ஆயிரத்து எழுநூறு வருஷத்துக் கிண்ணம், மேடம்! மேலே வானவில் மாதிரி மினுங்கும். இதைப் பாருங்க, மொட்டைப் பச்சைக் கண்ணாடி! போலியை வெச்சுட்டு நிஜத்தைத் தூக்கிட்டா!”

“யாரு?”

“சாவி ரெண்டு பேர்கிட்டதான். நான், வீப்கே. மியூசியத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

வீப்கே ஹார்ம்ஸ் வடகடலோரத்து எம்டன்காரி. பதிமூன்று வருடமாக அவனுடைய பழங்கண்ணாடிகளைப் பராமரிப்பவள். திங்கட்கிழமை மியூசியத்தில் வேலைக்குச் சேர வேண்டியவள். இந்தப் பழி நின்றால் அந்த வேலை போனதுதான்.

9.30. சமையலறை. வீப்கேயின் கோப்பை காலியானதும் இர்ம்கார்ட் மறுபடி தேநீர் ஊற்றினாள்.

“ஐயோ, ஸ்பூனை உள்ளே போட்டுட்டேனே!”

“போட்டா?”

“எங்க ஊர்ல அதுக்குப் போதும்னு அர்த்தம். இங்க வந்து பதிமூணு வருஷமா வேண்டாத டீயா குடிச்சுத் தொலைக்கிறேன்.”

“கிண்ணத்தைப் பார்த்தீங்களா?”

“தொடவே விடலை. திருடிக்கு என்ன காட்டறதுங்கறார்.”

அழுகை இல்லை, அலுப்புதான். அந்த அலுப்பை இர்ம்கார்ட் அறிவாள். உரக்கச் சொன்னவன் பேச்சே சாட்சியமாகிவிடும் அலுவலகத்தில் அவளுக்கும் இருபது வருடங்கள் கழிந்திருந்தன.

9.50. கூடத்தில் ஸெவரினின் தாத்தா படம். கிண்ணத்தை வாங்கிய அன்றே, அதில் நுரை ததும்பும் பீரைக் குடித்துக்கொண்டிருந்தார்; மூலையில் நேற்றைய தேதி, வருடம் மட்டும் 1904. படத்தின் கீழே பழைய ஏலப் பட்டியல். அஸ்திவாரம் தோண்டியபோது ரோமானியக் கல்லறையில் கிடைத்தது. பிறகு ஒரு பாதிரியார், ஒரு பீர் ஆலைக்காரர், கடைசியாகத் தாத்தா. அதில் ஒரு வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

மேசையில் பீர் கிளாஸ்களை வைக்கும் வட்ட அட்டைகள் ஓர் அடுக்கு. மேலே இருந்ததைத் திருப்பினாள். அகலமான ஈர வளையத் தடம். அதில் பொடிப்பொடியாய் மினுமினுப்பு. பக்கத்திலிருந்த பீர் கிளாஸின் வாயோ மிகவும் குறுகல்.

10.05. வீப்கேயையும் கோப்பையோடு கூடத்துக்கு அழைத்துவந்து, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள் இர்ம்கார்ட். “எதுவும் மாறலை, எஸ்ஸர். அடியில கண்ணாடிக்குள்ள பார்லி மணி அளவு காற்றுக் குமிழின்னு பட்டியல் சொல்லுது. இதோ இருக்கு. இது அதே கிண்ணம். இது இந்த வீட்டுக்கு வந்து நேத்தோட எழுபது வருஷம். தாத்தா மாதிரி நீங்களும் இதுல பீர் குடிச்சீங்க.”

“அவ குடிச்சிருக்கலாமே!”

“அவங்க போதும்னா ஸ்பூன் போடுவாங்க. போதும்னா கிளாஸ் மேல அட்டையைக் கவுத்து மூடறது நாம, கொலோன்காரங்க. பீர்க் கடையில மூடலைன்னா சர்வர் அடுத்ததைக் கொண்டாந்து வெச்சுட்டே இருப்பான். வீட்ல தனியா குடிச்சாலும் நம்ம கை அதைச் செஞ்சிடும், என் கையும்தான். விளிம்புல இருந்து உதிர்ந்த மினுமினுப்பு அட்டையில ஒட்டியிருக்கு. மிச்சம் எங்கே போச்சு?”

ஸெவரின் உட்கார்ந்தான். “நாத்தம் போகணுமேன்னு பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். அரை நிமிஷம்தான், மேடம். மண்ணுக்குள்ள கிடந்து ஏறின அந்த வானவில் படலம் எல்லாம் வழிஞ்சு போயிடுச்சு.”

“அதுக்கு இவங்க திருடியா? எடுங்க போனை. மியூசியத்துக்குச் சொல்லுங்க. காலையில கத்தின அதே சத்தத்துல.”

அவன் சொன்னான். வீப்கே கிண்ணத்தைக் கையில் வாங்கி, குமிழியை விரலால் தொட்டாள். “ஈரத் துணிகூடப் பட விட்டதில்லை நான்.”

போனை வைத்தவனுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “இன்னும் கொஞ்சம் டீ, வீப்கே?”

அவள் ஸ்பூனைத் தேடவில்லை. அடுக்கிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தன் கோப்பையை மூடினாள்.