பதினோரு முழக் கயிறு

கடிகாரக் கயிறு நனைந்திருந்தது.

பிச்சை முகம்மது விரலை மூக்கருகே கொண்டுபோனார். கறிக்கடைக் கழிவு வாளியின் வாடை. போன வாரம் அவரே மாட்டிய கயிறு அது. ஆட்டுக்குடலைக் காயவைத்து முறுக்கி, கம்பிபோல விறைத்திருந்த பதினோரு முழக் கயிறு. ஆளுயரத் தேக்குப் பெட்டிக்குள் அந்தக் கயிற்றில் தொங்கும் பித்தளை எடைக்குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால்தான் சக்கரங்கள் சுற்றும். பச்சை பிடித்துக் கிடந்த அந்தச் சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்து நாள் பஸ்ஸில் வந்துபோய் அவர்தான் ஓட வைத்தார்.

இப்போது, 1987 ஆனி மாத வெக்கையில், ஜன்னல் சாத்திய அந்த ராஜபாளையத்து வீட்டுக் கூடத்தில், எடைக்குண்டு ஒரு விரற்கடைகூட இறங்காமல் வைத்த இடத்திலேயே தொங்க, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“டீச்சர், கயித்துக்கு எண்ணெய் எதுவும் போட்டியளா?”

கிருபாபாய் டீச்சர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். புருசன் பொன்னுராஜ் சித்திரையில் இறந்தபின் அந்த வீட்டில் டீச்சரும் பொன்னுராஜின் இந்தக் கடிகாரமும் மட்டும்தான்.

“எண்ணெய் எதுக்கு பாய்? ஒழுங்காத்தான ஓடுது. நிறுத்திராதிய.”

பிச்சை முகம்மது எடைக்குண்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை உருவினார். வழுக்கியது. சூடாக இருந்தது. தரையில் விரித்த பேப்பரில் சுருள் சுருளாக விழுந்தது. பதினோரு முழம் முடிந்தது. பன்னிரண்டு. பதினைந்து. இருபது. வரவர முறுக்கு அவிழ்ந்து, விரல் தடிமனாய்ப் பருத்து, வெளிறிய ரோஸ் நிறத்தில், கொழகொழவென்று. பேப்பரில் மஞ்சள் நீர் பரவியது.

எடை இல்லை. இருந்தும் டிக். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் தரையில் கிடந்தது சுருங்கி விரிந்தது.

கத்தரியை எடுத்தார். வெட்டினார்.

ரத்தம் வரவில்லை. சோறு வந்தது. குழைந்த, புளித்த, பாதி செரித்த சோறு. நடுவே ஒரு கறிவேப்பிலை. அவர் கைமேல். வெதுவெதுப்பாக.

சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தார். எழ முடியவில்லை.

டீச்சர் சோற்றுத் தட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தார். கோபமில்லை. வெட்டுப்பட்ட நுனியை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாய் தெரியாமச் செஞ்சிட்டாவ,” என்றார் நுனியிடம். “நீங்க சாப்பிடுங்க.”

சோற்றை உருட்டி நீட்டினார்.

நுனி திறந்தது. கவ்வியது. உருண்டை குடலுக்குள் புடைத்து, மெல்ல நகர்ந்து, பெட்டிக்குள் ஏறியது.