இராஜாங்கத்தின் கைராசி

இராஜாங்கம் தம் கையால் கொடுத்ததை அந்த வீட்டில் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

எவரும் சொல்லித் தந்த விதியன்று. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மனைவி பிரகதாம்பாளுக்கும் தெரிந்திருந்தது. போன அறுவடையின்போது, தலைவலிக்கென்று அவர் குழைத்துத் தந்த பற்றை மறுக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டாள்.

விடிந்தபோது பிணமாகக் கிடந்தாள்.

இப்போது தலைவலி, மருமகள் நீலாம்பாளுக்கு...

பட்டப்பகலிலும் சன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. பூட்டிய கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார் மாமனார். சாவி அவர் இடுப்பில்.

கணவன் துரைராசு சிங்கப்பூரில். நில உச்சவரம்புக்குத் தப்புவதற்காக, வாய்க்கால் கரை நஞ்சையை நீலாம்பாள் பெயரில் எழுதிவைத்திருந்தார் இராஜாங்கம். நாளை தாசில்தார் விசாரணை. 'நிலம் என்னுடையதில்லை, நான் வெறும் பினாமி' என்று உண்மையைச் சொல்லப்போவதாக அவள் வாய்விட்டுச் சொன்னது போன வாரம்.

தலைவலி தொடங்கியதும் போன வாரம்தான்.

கூத்தாநல்லூரிலிருந்து வரவழைக்கப்பட்ட டாக்டர் ஜெகபர் அலி கட்டிலருகே குனிந்தார்.

"ஒரு பக்கமா வலிக்குதாம்மா?"

"ஒத்தைத் தலைவலிதான்," என்றார் இராஜாங்கம்.

"வெளிச்சம் பட்டா கூடுதா?"

"கூடுது."

"தலை உங்களுதா, அவங்களுதா பண்ணையார்?"



"தலை முழுக்க வலிக்குது டாக்டர்," என்றாள் நீலாம்பாள். "வெளிச்சத்தைப் பாத்துத்தான் ஒரு வாரம் ஆச்சே."

"குனிஞ்சா புருவத்துக்கு மேல பாரமா இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீர்க்கோவை இல்ல. பட்டினியில வர்ற வலி சோறு தின்னா போயிடும். சாப்பிடுறீங்களா?"

"தட்டு வருது. பூட்டும் வருது."

"கவலையில வர்றது பிடரியை இறுக்கும்..."

"அது இருக்கு டாக்டர். அது வேற. இது பற்று போட்டதும் கூடுது."

டாக்டர் அவள் இமையை விரித்தார். இருட்டறையில் அகன்றிருக்க வேண்டிய கண்மணி, ஊசித்துளையாய்ச் சுருங்கியிருந்தது.

அவர் பார்வை முக்காலியில் இருந்த பித்தளைக் கிண்ணத்துக்குப் போனது. நீலாம்பாளின் பார்வையும் தொடர்ந்தது. சுக்கு வாசனை. வேப்பெண்ணெய். அவற்றுக்கு அடியில்... வயலில் மருந்தடிக்கும் நாளின் வாடை.

போர்வை நுனியால் அவள் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"இது பூச்சிமருந்துத் தலைவலி," என்றார் டாக்டர் மெதுவாக. "தோல் வழியா ஏறும்."

"படிச்சவரு. சரியாச் சொல்லிட்டீங்க." இராஜாங்கத்தின் குரல் உயரவே இல்லை. "வாசல்ல என் ஆளுங்க நிக்கிறாங்க. நாளைக்கு ஊர் கேட்டா, ஒத்தைத் தலைவலின்னு நீங்க சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீலா, எந்திரி."

கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

வீட்டு மருந்தைக் கரண்டி தொடக்கூடாது. கைராசி போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. எப்போதும் விரலால்தான் குழைப்பார். விசாரணை நாளை என்பதால் இன்று இரட்டிப்பாய்க் கலந்திருந்தார். காலையில் குழைத்த பற்று, விரலிடுக்குகளில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

நீட்டிய கை நடுங்கியது. உதட்டோரம் எச்சில் வழிந்தது.

"உங்களுக்கும் தலை வலிக்குதோ பண்ணையார்?"

"வெயில்ல வந்தேன்."

"வெயில் தலைவலிக்கு எச்சில் ஊறாது. கண்ணு கடுகாச் சுருங்காது. எந்த விரலால குழைச்சீங்க?"

இராஜாங்கம் தம் விரல்களைப் பார்த்தார். அவை இரண்டிரண்டாய்த் தெரிந்தன...

"மாத்து மருந்து... இருக்கா?"

"ஊசி பெட்டியில இருக்கு. இதோ போடறேன். ஆனா ஒரு ஊசியில நிக்காது. கை கழுவத் தண்ணி வேணும், ஆஸ்பத்திரி வேணும். கதவைப் பூட்டிவச்சிருக்கீங்களே."

இடுப்பைத் துழாவிய கையிலிருந்து சாவி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தவள் நீலாம்பாள்.

கதவு திறந்தது. வாசலில் பண்ணையாட்கள், சமையற்காரி, காரியக்காரர் கண்ணுசாமி... நாற்காலியில் சரிந்த முதலாளியைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"காரை எடுக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர், ஊசியை ஏற்றியபடி. கண்ணுசாமி ஓடினார்.

அந்நிலையிலும் இராஜாங்கத்தின் கை, பழக்கம் விடாமல் கிண்ணத்தை நீட்டியது.

"வாங்கிக்க, நீலா..."

நீலாம்பாள் முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள். அத்தனை பேர் கண்முன்னே, அதை அவர் காலடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இந்தாங்க மாமா, உங்க பற்று. நிலத்தை நாளைக்குத் தாசில்தார் முன்னால திருப்பித் தர்றேன்."