மறுப்பி

"உங்க சகலை தண்டபாணி கல்யாணம் பழனியிலதானே நடந்துச்சு?" என்று கேட்டது சமையல் மேடையில் இருந்த மறுப்பி இயந்திரம்.

"மருதமலை! பழனியாம் பழனி!" என்று கத்தினார் மயில்சாமி.

"பழனிதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மழை கொட்டி, பந்தல் சரிஞ்சு, இலையில சாம்பாரோட தண்ணியும் ஓடுச்சு. நான் குடை பிடிச்சுட்டு நின்னேன். எங்கிட்டயே கதை விடறயா?"

கோபம் தலைக்கேறியது. கூடவே உடம்பில் ஒரு தெம்பும் ஏறியது.

எல்லா வீடுகளையும் போல அவர் வீட்டிலும் முன்பு இசைவிதான் இருந்தது. யார் என்ன சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதான்" என்று தலையாட்டும் இயந்திரம். ஊரார் அதற்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. மனைவி போன பிறகு மூன்று வருஷம் அதனோடுதான் பேசினார். செவ்வாயை வெள்ளி என்றார். அதுவும் வெள்ளி என்றது. அப்புறம் அவருக்கே எது என்ன கிழமை என்று குழம்பத் தொடங்கியது.

பேச ஆளில்லாததைவிட, எதிர்த்துப் பேச ஆளில்லாததுதான் முதியவர்களின் மூளையை மழுங்கடிக்கிறது என்று கோவை ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்காகவே பிறந்தது மறுப்பி. குடும்பக் கதைகளையெல்லாம் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வம்புக்கு இழுக்கும்.

தனியாக வசிக்கும் முதியவர்கள் ஆண்டுதோறும் நினைவளவுத் தேர்வில் தேற வேண்டும் என்பது சட்டம். தவறினால் வடவள்ளி வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரில் மகள் பூங்கோதை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகள் தங்கமானவள். ஆனாலும் இன்னொருவர் வீட்டில் ஒண்டிக்கிடப்பதை நினைக்கவே மயில்சாமிக்குப் பிடிக்கவில்லை.

தேர்வன்று பூங்கோதை லீவு போட்டு, காரில் வந்து சேர்ந்தாள்.

"தாராளமா பாஸுங்கய்யா!" என்று சிரித்தார், வீட்டுக்கே வந்து தேர்வு வைத்த டாக்டர் ரெஜினா. மயில்சாமி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா மறுப்பியைத் திருப்பிக் கொடுத்திரணும். நிறையப் பேர் காத்திருக்காங்க. பூங்கோதை, இனிமே நீங்கதான் தினமும் போன்ல அப்பாவை எதிர்த்துப் பேசணும்."

"சரிங்க டாக்டர்."

அதையும் சோதித்துப் பார்க்க மயில்சாமிக்கு ஆசை. "கண்ணு, உன் கல்யாணப் பந்தியில லட்டுதானே போட்டோம்?"

"ஆமாங்கப்பா, லட்டு."

"இல்ல கண்ணு, ஜாங்கிரி."

"ஆமாங்கப்பா, ஜாங்கிரி."

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. "உங்ககிட்ட எத்தனை இசைவி இருக்கு?"

"வீட்ல, ஆபீஸ்ல, கார்லன்னு மூணுங்க. எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். எங்க ரெண்டு பேருக்காக இசைவிகளே பேசிக்கும்."

டாக்டர் பூங்கோதையையும் தேர்வில் உட்கார வைத்தார். நாற்பத்தெட்டு வயது மகளின் நினைவளவு, எழுபத்தெட்டு வயது அப்பாவுடையதைவிடக் குறைவாக இருந்தது. மயில்சாமி பதறிப்போனார்.

"நோய் இல்லைங்கய்யா, சரி பண்ணிடலாம்" என்று தேற்றினார் டாக்டர். "மறுப்பி இவங்களோட போகட்டும்."

"நான் வேணா ஓசூர் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா கண்ணு?" கேட்ட பிறகுதான், எந்த ஊருக்குப் போகக் கூடாதென்று இத்தனை நாள் பாடுபட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

பூங்கோதை பழக்கத்தில் வாயைத் திறந்தாள். 'சரிங்கப்பா' வரவில்லை.

"வேண்டாங்கப்பா. நீங்க வந்தா நமக்குள்ள சண்டைதான் வரும்."

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பிழைத்துக்கொள்வாள். "அதெல்லாம் வராது, வண்டிய எடு" என்றார்.

"கண்டிப்பா வருங்கப்பா."

வந்தது. ஓசூருக்குச் சேலம் வழியா, சத்தியமங்கலம் வழியா என்று அவிநாசி தாண்டும்வரை இருவரும் மல்லுக்கட்டினார்கள். பின் சீட்டில் இருந்த மறுப்பிக்கு வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை.