சென்னியப்பனின் கனைப்பு

திருப்பூரில் இப்போது யாரும் இருமுவதில்லை. பஞ்சுத் தூசு குறைந்துவிடவில்லை. மூச்சுக்குழாயின் உட்சவ்வுதான் மாறிவிட்டது.

பழைய சவ்வில் மயிர்போன்ற நுண்ணிழைகள் கொண்ட குற்றிழைச் செல்கள் ஓயாமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே கோப்பைச் செல்கள் கோழையைச் சுரக்கும். தூசு கோழையில் ஒட்டும், இழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும், மனிதர் கனைப்பார். இப்போது ஒரு மருந்தை உள்ளிழுத்தால் போதும். சவ்வின் எல்லாச் செல்களுக்கும் தாயான அடிச்செல்கள், அதன்பின் விலக்குச் செல் என்ற ஒரே வகையைத்தான் பெற்றெடுக்கும். அதன்மேல் தூசு ஒட்டாது. விடும் மூச்சோடு போய்விடும். கோழைக்கு வேலையே இல்லை.

நூற்பாலையிலேயே தலை நரைத்த சென்னியப்பனுக்கு அந்த மருந்தை வாங்கிக் கொடுத்தவள் மருமகள் பூவிழி. விடிந்தால் அவர் கனைப்பில் தெருவே எழுந்துகொள்கிறது என்று மகன் பரிதியும் சொல்லிப் பார்த்தான். மருந்துக்குப்பின் நன்றாகத் தூங்கினார், மாடிப்படி ஏறினார். எங்கள் வீட்டில் ஒரு வீண்பேச்சு கிடையாது, அவ்வளவு அமைதி என்று பார்ப்பவரிடமெல்லாம் எப்போதும்போலச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

ஒரு மாலை காப்பிக்காகச் சமையலறைப் பக்கம் போனார். பரிதி உள்ளே ஓசூரில் கிடைத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்பா இருக்கற வரைக்கும் நாம எங்கயும் நகர முடியாது, பூவு."

கோபமே இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னான். பூவிழிதான் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா... வந்து ரொம்ப நேரமாச்சுங்களா?"

"இப்பத்தான் அம்மிணி. காப்பி இருக்குதா?"

மறுநாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, கையில் சூடான பாத்திரம் இருக்கும்போது திடீரென்று வந்து நின்றால் பதறுகிறது, லேசாகக் கனைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் முயன்றார். இல்லாத சளிக்குக் கனைப்பது நாடகமாக இருந்தது. பாதி நாள் மறந்தும்போனது. மறந்த நாளிலெல்லாம் காதில் ஏதாவது விழுந்தது. அவர் மோர் குடிக்கும் சத்தத்தைப் பரிதி செய்து காட்டியதும், அவள் அடக்க முடியாமல் சிரித்ததும்கூட. கூப்பிடாமல் அறையைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். கட்டிய வீடு அவருக்கு ஓர் அறையாகச் சுருங்கியது.

ஒருநாள் அந்த மருந்தைக் கொடுத்த சவ்வு நிலையத்துக்குப் போய், பழைய சவ்வே வேண்டுமென்றார்.

"எல்லாரும் சளி போகோணும்னுதான் வர்றாங்க. உங்களுக்கு எதுக்குங்கய்யா மறுபடியும்?" என்றாள் அங்கிருந்த பெண்.

"வீட்டுல பேசறது கேக்குது, கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. இதே காரணத்துக்காக நிறையப் பேர் வருவதாகவும், அதில் மாமியார்கள்தான் அதிகம் என்றும் சொன்னாள். மருந்து கொடுக்குமுன் எடுத்துக் குளிர்பெட்டியில் காத்துவைத்திருந்த அவருடைய பழைய அடிச்செல்களைத் திரும்ப விதைத்து அனுப்பினார்கள்.

கோப்பைச் செல்கள் முளைத்தன. ஒரு காலை தொண்டை கரகரத்தது. சென்னியப்பன் உற்சாகமாக எழுந்து சமையலறையை நோக்கி நடந்தார். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடையிலேயே நின்று, அடிவயிற்றிலிருந்து கனைத்தார்.

பேச்சு சட்டென்று நின்றது. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்க மாமா, காப்பி ரெடி" என்றாள் பூவிழி. குரலில் அத்தனை நிம்மதி.

சென்னியப்பன் நடையிலேயே நின்றார். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அமைதி இதுதான்.