தேன் நிறத்தில் ஒரு கண்ணீர்

ஆள் ஒன்று குறைந்தது.

அவள் மறுபடியும் எண்ணினாள். கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு, மேல்தளத்தில் பதினேழு... முப்பத்தொன்பதுதான். காலையில் ஏற்றியது நாற்பது. மழை வேறு பிடித்துக்கொண்டது. தொப்பி போட்ட பெரியவர் இன்னும் வரவில்லை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் டிரைவர் அண்ணன்.

ஊர் சுற்றிக் காட்டும் பச்சைப் பேருந்து அது. ஒரே டிக்கெட்டில் பேருந்தும் உண்டு, ஓவிய அருங்காட்சியகமும் உண்டு. பேருந்தில் மைக் பிடித்துப் பேசுபவள் இவள். அதனால் எல்லோருக்கும் இவள் 'மைக்கு'. பெற்ற தாயே சில நாள் அப்படித்தான் கூப்பிடுவாள். மூன்று வருடங்களாக, தினமும் பதினொன்று இருபதுக்கு அருங்காட்சியக வாசலில் வண்டி நிற்கும். ஐம்பது நிமிடம். அதற்கு முன்னாலேயே உள்ளே இருக்கும் பெரிய ஓவியத்தைப் பற்றி மைக்கில் உருகி உருகிப் பேசி எல்லோரையும் அனுப்பிவிட்டு, இவள் மட்டும் வண்டி வாசலில் குடை கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்... அந்த ஓவியத்தை இவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இவளுக்கு வார விடுமுறை திங்கள். அருங்காட்சியகத்துக்கும் திங்கள். இதைத் தலையெழுத்து என்பதா, நிர்வாகம் என்பதா?

படிகளில் ஓடினாள். எல்லோரும் ஒன்பதாம் அறைக்குத்தான் போவார்கள் என்று தெரியும். நேராக அங்கே நுழைந்தாள்.

"குடைங்க... குடையை வெளியில வைங்க."

தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவன் சொன்னான். கையில் காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி. 'மழைக்குக் குடை எடுத்துட்டு வராம, குத்துவிளக்கா எடுத்துட்டு வருவாங்க?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது. ஏனென்றால், அவன் தலைக்கு மேலே அவள் தெரிந்தாள்.

சன்னல் சட்டத்தில் கை ஊன்றி நிற்கும் பெண். ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு. முன்னூறு வருடப் பழசு... இதையெல்லாம் மைக்கில் சொல்வது தான்தானா? எத்தனை அசட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறோம்! அந்தக் கையில் பச்சை நரம்பு ஓடியது. கழுத்தில் வெளிச்சம் பட்ட இடத்தைத் தொட்டால் சுடும் போலிருந்தது. இதோ இப்போதுதான் யாரோ கூப்பிட, திரும்பியிருக்கிறாள். கூப்பிட்டது யார்? நானா? மைக்குக்கு உடம்பு புல்லரித்தது. வாய் திறந்தபடி நின்றாள். பேசிப் பிழைக்கிறவளுக்கு ஒரு சொல் வரவில்லை.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்து குடையை மெதுவாக வாங்கினான். வாங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு இருந்தான். வருகிறவர்கள் எல்லாம் படம் எடுப்பார்கள், இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். இந்தப் பெண்ணோ நனைந்த முகத்தோடு, இமைக்காமல்... அவன் கருவியில் பார்த்த எண்ணை மறந்தே போனான்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே தேடினாள். இன்னும் ஓர் அடி. பிறகு அவனிடம் திரும்பி, கண்ணீர்த் துளி எங்கே என்று கேட்டாள்.

அவன் முகம் மாறிவிட்டது. "பச்சை பஸ்ஸா?"

"ஆமா. ஏன்?"

"பதினொன்றரை ஆனா போதும், நாப்பது பேர் வந்து கண்ணீர் எங்கே, கண்ணீர் எங்கேன்னு உயிரை எடுக்கிறாங்க. பதில் சொல்லிச் சொல்லிக் காவல்காரருக்குத் தொண்டை வத்திப் போச்சு. யாருங்க அந்தப் புண்ணியவதி?"

"நான்தான்."

அவன் கொஞ்சம் தடுமாறினான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஓவியர் கண்ணீர் எதையும் வரையவில்லை, இந்த ஓவியத்தின் ஒவ்வொரு விரற்கடையும் தனக்குத் தெரியும் என்றான். அது வெறும் பீற்றல் இல்லை. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதுதான் அவன் வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் நனைத்து, தேய்க்காமல் உருட்டி உருட்டி, ஒரு மணி நேரத்தில் ஒரு நகத்தளவு. அங்கே அவனுக்குப் பெயரே 'பஞ்சு'.

"எங்கப்பா இதே பஸ்ல இருபத்திரண்டு வருஷம் சொன்னதுங்க இது. தன் கண்ணால பார்த்துட்டுச் சொன்னது."

"அப்போ உங்கப்பா நல்லாவே கதை விட்டிருக்கார்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன பிரயோசனம்? அவள் குடையை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பதினோராம் அறை பெஞ்சில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய பெரியவரை எழுப்பிக் கூட்டிப் போனபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடங்களுக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதோடு மைக்கும் போயிற்று, குரலும் போயிற்று. இப்போது அவர் பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். வருகிற ஞாயிறு அவருக்கு அறுபது வயது நிறைகிறது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, 'உன் பஸ்ஸில் ஒரு ரவுண்டு, அந்தப் பெண்ணை மறுபடி ஒரு பார்வை' என்று சொல்லியிருந்தார். சட்டைகூட இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது.

அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கேட்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க அவர் அங்கே போய் நின்று, இல்லாத துளியைத் தேடுவார். இருபத்திரண்டு வருடம் பேசிய மனிதருக்கு இப்போது மிச்சம் இருப்பது, தான் பேசியது மெய் என்ற ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால்? இத்தனை நாள், துளியைக் காணோமே என்று கேட்ட பயணிகளிடம் எல்லாம், 'நீங்க சரியாப் பார்க்கலைங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாளே... அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மைக்கில் அந்த வரியைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார்.

வியாழக்கிழமை பேருந்தில் ஏறியவர்களில் பஞ்சுவும் இருந்தான்.

டிக்கெட்டை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். ஆனால், வண்டி கிளம்பி அவள் பேச ஆரம்பித்ததும் வந்த வேலையையே மறந்துவிட்டான். பத்து வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறான். தங்கியிருக்கும் அறையிலிருந்து அருங்காட்சியகம் எட்டு நிமிட நடை. அதுதான் அவனுக்கு ஊர். அவள் பாலத்தைச் சொன்னாள்... வெள்ளத்தில் இரண்டு முறை போய், மூன்றாம் முறை நின்ற பாலம். மணிக்கூண்டைச் சொன்னாள். சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னாள். அவள் கை காட்டிய இடமெல்லாம் அவன் கண்ணுக்கு அன்றைக்குத்தான் முளைத்து நின்றது. ஆற்றின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிதா இந்த ஊர்? இத்தனை அழகா?

மழை வந்தது. மேல்தளம் காலியாயிற்று. அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் படியேறி வந்தாள்.

"சளி பிடிச்சா நாங்க பொறுப்பில்லைங்க."

"பரவாயில்லை. நீங்க பேசுறது கீழே போனா சரியாக் கேக்காது."

"ஸ்பீக்கர் ரெண்டு தளத்துலயும் இருக்கு."

"...ஓ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பின் மேலேயே கோபம் வந்தது. அவன் மழையில் நனைந்துகொண்டே, அன்று சொன்னது தப்பு, ரொம்பத் தப்பு என்றான். ஏன் இன்று கண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டான். இல்லாததை எப்படிச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை அப்பா வேறு அதைப் பார்க்க வருகிறார் என்றாள் அவள். உங்கப்பா சரியாக என்னதான் சொன்னார் என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக் இல்லாமல் சொன்னாள்.

"இடது கண்ணுக்குக் கீழே, இமை முடியற இடத்துல. காலை வெயில் சன்னல் வழியா வந்தா மட்டும் மினுக்குமாம். தேன் நிறத்துல ஒரு துளி."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தேன் நிறமா என்று ஒரு தடவை கேட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் விறுவிறுவென்று போய்விட்டான். இவனைப் போய் நல்லவன் என்று ஒரு நிமிடம் நினைத்தோமே என்று மைக்கு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவன் போனது அருங்காட்சியகக் கிடங்குக்கு. ஐந்து வருடங்களுக்கு முந்தைய கோப்பைத் தேடி எடுத்தான். ஓவியத்தின் மேல் காப்புக்காகப் பூசும் வார்னிஷ் நாளாக ஆகப் பழுத்து மஞ்சளாகும். எப்போதோ யாரோ பூசியது ஓரிடத்தில் வழிந்து, துளியாக உறைந்து நின்றிருந்தது. சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த புகைப்படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது: 'வார்னிஷ் வழிவு. இடது கீழிமை. நீக்கப்பட்டது.' அதன் கீழே கையெழுத்து. அவனுடையதுதான்.

அவன் தனியாகச் செய்த முதல் வேலை. வேலை அறைக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார் அருங்காட்சியக இயக்குநர். வழிவு எண் நான்கு என்றுதான் அது அவன் ஞாபகத்தில் இருந்தது... கண்ணீர் என்று ஒருபோதும் இல்லை. கோப்பை மூடி வைத்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு விரற்கடையும் தெரியும் என்று மார்தட்டியவன் எந்த முகத்தோடு போய் நிற்பது? மூன்று இரவுகள் அவன் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். வாசலில் நின்று பயணிகளைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே போ என்று டிரைவர் அண்ணன்தான் அவளை அனுப்பினார். நல்ல வெயில். ஒன்பதாம் அறைச் சன்னலில் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இடது கண்ணுக்குக் கீழே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"ஐயா, உங்க கண்ணுல கோளாறு இல்லை."

பஞ்சு வந்து நின்றான். கையில் அந்தப் புகைப்படம். அதை அப்பாவிடம் நீட்டினான்.

"நீங்க பார்த்தது நிஜம். அது இங்கேதான் இருந்துச்சு. நான்தான் துடைச்சேன். என்னன்னு தெரிஞ்சுக்காம துடைச்சேன். தெரியாமலே உங்களைப் பொய்க்காரர்னும் சொன்னேன். உங்க பொண்ணுகிட்டயே சொன்னேன்."

அப்பா புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் அந்தத் துளியைத் தொட்டார். அவர் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம், ஆயிரக்கணக்கான பேர்... ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து அவர் மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். துளி இல்லாத அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். அழுகிறாள் என்று எண்ணியிருந்தவள் அழவில்லை. யாரையோ கண்டுகொண்ட முகம் அது. இதோ சிரிக்கப் போகிறாள். அப்பா அப்படியே பிரமித்துப் போனார். அவரோடு அவர்கள் இருவரும் பிரமித்து நின்றார்கள்.

பிறகு அப்பா மகளைக் கிட்டே இழுத்து, காதில் ஏதோ சொன்னார். அவளுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. அவர் பஞ்சுவின் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். அவசரமே இல்லாமல் போனார்.

இருவரும் தனித்து நின்றார்கள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே நீங்க," என்றாள் அவள். "யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே." அவன் தரையைப் பார்த்தான். "அதோட... அன்னைக்கு நீங்க வந்து இந்தப் படத்துக்கு முன்னாடி வாய் திறந்து நின்னீங்கல்ல. நான் படத்தைப் பார்க்கலைங்க. உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த முகத்துக்கு முன்னாடி பொய்யா நிக்க எனக்கு மனசு வரலை. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் ஓவியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் காத்திருந்தான். காத்திருக்க முடியாமல், அப்பா காதில் என்ன சொன்னார் என்று கேட்டான்.

"சொல்லலை. கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"இந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுப்பான்னேன்." அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். "உங்களைத் திட்டிக்கிட்டே, ஆகாம இருக்கணும்னு நான் மூணு நாளா வேண்டிக்கிட்டு இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லலை. அதை உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."